நரம்பின் ஒலியும் கூடத்தின் நினைவும்

தோற்றுவாய்

நம் வட்டத்தின் மாதக் கூட்டங்கள் நிகழும் பழைய கூடத்தில் நின்று கவிதை படித்தவர் யாவரும் ஒன்றை உணர்ந்திருப்பர். ஈற்றடியைச் சொல்லி நிறுத்திய பின்னும் சொல் உடனே மறைவதில்லை. உயர்ந்த கூரையிலும் சுண்ணாம்புச் சுவரிலும் பட்டு மீண்டு, சற்றே தங்கி, அதன் பின்னரே அடங்கும். அக்கூடம் இவ்வாண்டின் இறுதியில் இடிக்கப்படவிருக்கிறது. பத்தாண்டுக் கவிதைகள் நம் ஏடுகளில் உள்ளன. சிலருடைய குரல் கைப்பேசிப் பதிவுகளிலும் உண்டு. கூடத்தின் ஒலியோ அக்குரல்களோடு கலந்து கிடக்கிறதேயன்றித் தனியே எங்கும் பதிவாகவில்லை. இக்கவலையே என்னை இக்கட்டுரைப் பொருளுக்கு இட்டுச் சென்றது.

மேலைநாட்டு இசைக்குழுவின் வயலின் முதலிய நரம்புக் கருவிகளின் ஒலியைச் சுரம் சுரமாகப் பதிந்துவைத்து விசைப்பலகையால் இசைக்கும் முறை ஒன்று. அவ்வாறு பதிந்த ஒலிக்கு ஒரு கூடத்தின் இயல்பையோ ஒரு கருவியுடலின் இயல்பையோ ஏற்றும் முறை மற்றொன்று. முன்னதனைச் 'சாம்ப்ளிங்' என்றும் பின்னதனைக் 'கன்வல்யூஷன்' என்றும் துறையினர் வழங்குவர். பின்னதனை இக்கட்டுரையில் 'ஒலிப்பின்னல்' எனக் குறிக்கிறேன். இவ்விரண்டும் வளர்ந்து ஒன்றுகூடிய வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூடத்தை அளந்தவர்

கூடத்தின் ஒலியை முதன்முதல் முறையாக அளந்தவர் அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியலாசிரியர் வாலஸ் சேபின் ஆவார். அங்குப் புதிதாகக் கட்டப்பட்ட ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அரங்கில், பேசிய சொல் ஐந்து நொடிக்கு மேல் தங்கியதால் பாடம் எவர்க்கும் விளங்கவில்லை. 1895இல் இக்குறையை நீக்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழலை ஒலிக்கச் செய்து, அவ்வொலி அடங்கும் நேரத்தைக் கடிகாரத்தால் குறித்தார். விடியுமுன் மெத்தைகள் உரிய இடம் சேர்ந்தன. கூடத்தின் கொள்ளளவுக்கும் அதிலுள்ள பொருள்கள் ஒலியை உறிஞ்சும் அளவுக்கும் ஒலி தங்கும் நேரத்துக்கும் உள்ள தொடர்பு இவ்வாறு வெளிப்பட்டது. 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி மண்டபம் அவர்தம் கணக்கின் துணைகொண்டு எழுந்ததாகும்.

நாடாவிலிருந்து எண்ணுக்கு

கூடம் ஒருபுறம் அளக்கப்பட, கருவியின் ஒலியைச் சேமிக்கும் முயற்சி மறுபுறம் நடந்தது. 1940களின் இறுதியில் ஹாரி சேம்பர்லின் என்பார் விசை ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒலிநாடாவைப் பொருத்திய கருவியைக் கலிபோர்னியாவில் அமைத்தார். அதன் வழியே 1963இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் மெல்லோட்ரான் பிறந்தது. அதில் ஒரு விசையை அழுத்தினால் வயலின் ஒலி ஏறத்தாழ எட்டு நொடி வரும்; அத்துடன் நாடா முடிந்துவிடும்.

1979இல் சிட்னி நகரில் பீட்டர் வோகல், கிம் ரைரி ஆகிய இருவரும் உருவாக்கிய ஃபேர்லைட் கருவி ஒலியை எண்களாக மாற்றிச் சேமித்தது. அதன் ஒலித்தொகுப்பில் புகழ்பெற்றது, ஸ்ட்ராவின்ஸ்கியின் 'நெருப்புப் பறவை' இசையின் பதிவொன்றிலிருந்து வெட்டியெடுத்த ஒரே ஒரு தாக்கொலி. 1980களின் நடனப் பாடல்கள் பலவற்றில் அது திரும்பத் திரும்ப ஒலித்தது. அத்துண்டில் கருவிகளோடு, அவை வாசிக்கப்பட்ட கூடமும் சேர்ந்தே வந்தது என்பதை நாம் கருத வேண்டும்.

1988இல் வந்த ஆகாய் எஸ்1000 போன்ற கருவிகள் இசைத்தட்டுக்கு நிகரான தெளிவைத் தந்தன. 1990களில் செக் நாட்டு இசைக்கலைஞர் மிரோஸ்லாவ் விட்டூஷ், பிராகு நகரின் ருடால்ஃபினம் அரங்கில் செக் பில்ஹார்மோனிக் கலைஞர்களை வாசிக்கச் செய்து பெருந்தொகுப்பு ஒன்றனை வெளியிட்டார். சென்னைத் திரையிசைக் கூடங்களிலும் அப்பத்தாண்டில் இத்தகைய கருவிகள் பரவின. வரிசையாக அமர்ந்து வாசித்த வயலின் கலைஞர் பலருக்கு அழைப்புகள் குறைந்தன. இவ்வரலாற்றை எழுதுவோர் அவ்விழப்பைச் சொல்லாது விடுதல் முறையன்று.

பின்னலின் இயல்பு

ஒலிப்பின்னல் என்பது யாது? கூடத்தில் ஒருமுறை கைதட்டினால், அதற்கு அக்கூடம் தரும் விடையே எதிரொலிகளின் தொகுதி. இதனைக் கூடத்தின் 'மறுமொழி' என்போம். எண்ணாக்கப்பட்ட இசையொலி, நொடிக்கு 44,100 புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளியையும் ஒரு சிறு கைதட்டாகக் கொண்டு, ஒவ்வொன்றுக்கும் கூடத்தின் முழு மறுமொழியை அதனதன் வலிமைக்கேற்ப எழுப்பி, யாவற்றையும் உரிய காலத்தில் கூட்டினால், அவ்விசை அக்கூடத்தில் ஒலித்தது போன்றே கேட்கும்.

சொல்வதற்கு எளிதாயினும் கணக்கிடுவதற்கு இது அரிது. மறுமொழி இரண்டு நொடி நீளமாயின் அதில் 88,200 புள்ளிகள் உள்ளன. ஒரு நொடி இசைக்கே ஏறத்தாழ 389 கோடிப் பெருக்கல்கள் தேவைப்படும். ஆகவேதான் பெல் ஆய்வகத்தின் மான்ஃபிரட் ஷ்ரோடர் 1960களின் தொடக்கத்தில் சில கால இடைவெளிகளையும் சுழற்சிகளையும் கொண்டு செயற்கை எதிரொலியை அமைத்தார். அது கூடம் போல ஒலித்ததேயன்றிக் குறிப்பிட்ட எந்தக் கூடமாகவும் ஒலிக்கவில்லை.

1965இல் கூலி, டூக்கி ஆகியோர் வெளியிட்ட விரைவு ஃபூரியே மாற்றம் இக்கணக்கைப் பன்மடங்கு குறைத்தது. எனினும் ஒலியைப் பெருந்துண்டுகளாகத் திரட்டிய பின்னரே கணக்கிட இயன்றதால், விசையை அழுத்தியதற்கும் ஒலி எழுவதற்கும் இடையே காலத்தாழ்வு நேர்ந்தது. மறுமொழியின் தொடக்கத்தைச் சிறு துண்டுகளாகவும் பிற்பகுதியைப் பெருந்துண்டுகளாகவும் பகுத்து அத்தாழ்வை நீக்கும் வழியை 1995இல் வில்லியம் கார்ட்னர் காட்டினார். 1999இல் சோனி நிறுவனமும் அடுத்த ஆண்டில் யமாஹா நிறுவனமும் இம்முறையில் இயங்கும் கருவிகளை வெளியிட்டன. சில ஆண்டுகளில் இது மேசைக் கணினிக்கும் வந்து சேர்ந்தது.

உலர்ந்த ஒலியும் கருவியின் உடலும்

இதனால் பதிவுமுறையும் மாறியது. கூடத்தோடு பதிந்த சுரத்தில் விசையை விட்டதும் எதிரொலியின் வால் அறுபடும். அதனை வேறொரு கூடத்துக்கும் பெயர்க்க இயலாது. ஆகவே 2000இல் ஹெர்ப் டுக்மாண்டல் என்னும் செல்லோ கலைஞர் தொடங்கிய வியன்னா சிம்பொனிக் தொகுப்பு, எதிரொலி மிகக் குறைந்த தனி அறையில் கருவிகளை வாசிக்கச் செய்து பதிந்தது. உலர்ந்த அவ்வொலிக்குக் கூடம் பின்னர் ஏற்றப்பட்டது. 2009இல் அந்நிறுவனமே, வியன்னா கோன்செர்ட்ஹவுஸ் அரங்கின் மேடையில் பல இடங்களிலிருந்து எடுத்த மறுமொழிகளைக் கொண்டு, ஒவ்வொரு கருவியையும் அதற்குரிய இடத்தில் அமர்த்தும் மென்பொருளை வெளியிட்டது.

கூடத்தைப் போலவே கருவியின் உடலும் ஓர் அறையே. நரம்பு தானே எழுப்பும் ஒலி மிகச் சிறிது. மரப்பெட்டியின் அதிர்வே அதற்கு நிறம் தருகிறது. மேக்ஸ் மேத்யூஸ் 1970களின் தொடக்கத்தில், உடலில்லா மின்வயலினுக்கு மின்சுற்றுகளால் உடல் தர முயன்றார். 1998இல் பெரி குக், டான் ட்ரூமன் ஆகியோர் கருவிகளின் குதிரையில் சிறு சுத்தியலால் தட்டி, எழும் மறுமொழியைப் பல திசைகளில் பதிந்து தொகுத்தனர். இத்தகைய மறுமொழியை உலர்ந்த நரம்பொலியோடு பின்னினால் மெலிந்த ஒலி மரத்தின் சாயல் பெறும். ஆயின் ஓர் எச்சரிக்கை உண்டு. ஒலிவாங்கி கொண்டு பதிந்த வயலினில் அதன் உடல் முன்னரே கலந்துள்ளது. அதன்மேல் மற்றோர் உடலை ஏற்றினால் சில சுரங்கள் மிகைபட ஒலிக்கும், சில தேயும்.

எரிந்த அரங்கு

வெனிஸ் நகரின் லா ஃபெனீச்சே இசையரங்கு 1792இல் திறக்கப்பட்டது. வெர்டியின் 'லா டிராவியாடா' 1853இல் முதன்முதல் அரங்கேறியது அங்கேயே. 1996 ஜனவரி 29 இரவு அவ்வரங்கு தீக்கிரையாயிற்று. அதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன்புதான் லம்பெர்த்தோ திரோங்கின், ஆஞ்ஜெலோ ஃபாரினா ஆகிய ஆய்வாளர் இரு செவிக்கும் உரிய முறையில் அதன் மறுமொழிகளைப் பதிந்திருந்தனர். அரங்கு சாம்பலான பின்னும் அதன் ஒலி எஞ்சியது. மீண்டும் கட்டப்பட்ட அரங்கு 2003 டிசம்பரில் திறக்கப்பட்டது. பழையதன் ஒலியோடு புதியதனை ஒப்புநோக்க இப்பதிவுகள் சான்றாயின.

இஸ்தான்புல் நகரின் ஹாகியா சோஃபியா அருங்காட்சியகமாக இருந்த காலத்தில், 2010இல், ஆய்வாளர் பலூன்களை உடைத்து அதன் மறுமொழியைப் பதிந்தனர். அங்கு ஒலி ஏறத்தாழ 11 நொடி தங்குகிறது. கலிபோர்னியாவில் பாடிய குழுவினரின் குரலோடு அம்மறுமொழி பின்னப்பட்டு 2019இல் இசைத்தொகுப்பாக வந்தது.

எல்லை

இம்முறைக்கும் எல்லை உண்டு. மறுமொழி என்பது ஓர் இடத்தில் எழுந்து ஓர் இடத்தில் கேட்ட ஒலியின் பதிவு, அது மாறாதது. இருபது வயலின் கலைஞர் சேர்ந்து வாசிக்கையில் ஒவ்வொருவர் விரலும் சற்றே வேறாக நடுங்குகிறது. அந்த வேறுபாடே குழுவின் செழுமை. எந்த மறுமொழியும் அதனைப் படைத்துத் தராது. வியன்னா நிறுவனத்தாரே பின்னாளில் பழைய திரைப்பட இசைக்கூடமொன்றைச் சீரமைத்துக் கூடத்தோடு சேர்த்துப் பதியத் தொடங்கியமை ஈண்டு நினைக்கத்தக்கது.

நிறைவாக

விபுலானந்த அடிகள் 1947இல் வெளியிட்ட யாழ்நூல், பழைய யாழின் உருவத்தையும் நரம்புகளின் முறையையும் நூற்சான்று கொண்டு மீட்க முயன்றது. எனினும் பத்தரின் மரமும் அதனைப் போர்த்த தோலும் சேர்ந்து தந்த ஒலியைச் சொல்லிலிருந்து மீட்க எவராலும் இயலாது. கேட்டவர் எழுதினர், பதிய அன்று வழியில்லை. நமக்கு வழியுண்டு.

ஆகவே வட்டத்தாருக்கு ஒன்று விண்ணப்பிக்கிறேன். இறுதிக் கூட்டத்தன்று அனைவரும் அமர்ந்திருக்கையில், கவிஞர் நிற்கும் இடத்தில் ஒரு பலூனை உடைத்துக் கடைசி வரிசையில் அதன் ஒலியைப் பதிவோம். யாவரும் வெளியேறிய பின் மீண்டும் ஒருமுறை அவ்வாறே செய்வோம். மக்களின் உடலும் ஒலியை உறிஞ்சும் என்பதால் இரண்டும் வேறாக இருக்கும். அவ்விரண்டையும் சேர்த்து வைத்தால், நாளை எங்கோ ஓர் அறையிலிருந்து படிக்கப்படும் கவிதையும் நம் கூடத்தில் ஒலிக்கும். நாம் நிறைந்திருந்த கூடத்திலும், நாம் நீங்கிய கூடத்திலும்.