நிமிடத்துக்கு 205 அடி

போன வருஷம் ஒரு ரிலீஸ் முடிந்த இரவு. மூன்று மணியாகியும் தூக்கம் வரவில்லை. யூடியூபில் தேடிக்கொண்டிருந்தபோது 'ஷாமன் பயணம், 15 நிமிடம்' என்று ஒரு ஆடியோ கண்ணில் பட்டது. ஒற்றை மேளம், ஒரே வேகம். பாட்டில்லை, பேச்சில்லை. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினேன். கொஞ்ச நேரத்தில் ஏதோ ஒரு ஆற்றங்கரையில் நின்றுகொண்டிருந்தேன். தாளம் மாறியதும் திரும்பி வந்தேன். உண்மையைச் சொன்னால், நன்றாகத் தூங்கினேன்.

காலையில் எஞ்சினியர் புத்தி விழித்துக்கொண்டது. இதை இவ்வளவு கச்சிதமாக யார் செய்து வைத்தது?

மைக்கேல் ஹார்னர் (1929–2018), அமெரிக்க மானுடவியலாளர். 1956-57இல் ஈக்வடாரில் ஷுவார் மக்களோடு இருந்தவர். 1961இல் பெரு நாட்டு அமேசானில் கோனிபோ மக்களிடம் அயவாஸ்கா குடித்தார். டிராகன் மாதிரி உருவங்கள் வந்து, உலகத்துக்கே நாங்கள்தான் எஜமானர்கள் என்றன. அரண்டுபோய், கண் தெரியாத ஒரு மூத்த ஷாமனிடம் சொன்னார். பெரியவர் சிரித்துவிட்டாராம். அதுகள் எப்பவும் அப்படித்தான் பீற்றிக்கொள்ளும் என்பதுதான் அவர் பதிலின் சாரம்.

அந்தச் சிரிப்பை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

'ஷாமன்' என்ற சொல் சைபீரியாவின் துங்கூசிய மொழிகளிலிருந்து வந்தது. நம்மூர் சாமியாடி மேல் சாமி இறங்கும். ஷாமனோ தானே புறப்பட்டுப் போவார். பல பழங்குடிகளிடம் இந்தப் பயணத்துக்கு மூலிகை தேவைப்படவில்லை, மேளமே போதும் என்று ஹார்னர் கவனித்தார். நிமிடத்துக்கு 205 முதல் 220 அடி என்று வேகத்தையும் குறித்தார். 1980இல் 'தி வே ஆஃப் தி ஷாமன்' வந்தது. பண்பாட்டுக்குப் பண்பாடு மாறுவதை விலக்கி, பொதுவானதை மட்டும் எடுத்து 'கோர் ஷாமனிசம்' என்றார். 1987இல் பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் இதையே கற்பித்தார். எங்கள் பாஷையில் சொன்னால், எல்லா டிபெண்டன்சியையும் கழற்றிவிட்டு எந்த மெஷினிலும் ஓடும் ஒரு லைப்ரரி.

கழற்றியதில் எதெல்லாம் போனது? ஷுவார் ஷாமனிடம் 'ட்சென்ட்சாக்' என்ற கண்ணுக்குத் தெரியாத மந்திர அம்புகள் உண்டு. அதை வைத்துக் குணமாக்கலாம், கொல்லவும் செய்யலாம். ஷாமன் என்றால் மரியாதையோடு பயமும் இருந்தது. சைபீரியாவில் பலர் விரும்பி ஷாமன் ஆகவில்லை. தீராத நோய் வந்து, வேறு வழியில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். அதன்பின் மேளம் அடிப்பது அடுத்தவருக்காக: படுத்திருக்கும் நோயாளிக்காக, தொலைந்துபோன அவர் ஆன்மாவைத் தேடிக் கொண்டுவருவதற்காக. வார இறுதிப் பயிற்சி வகுப்பில் எதிரியும் இல்லை, பயமும் இல்லை. பெரும்பாலும் நோயாளியும் நாமேதான்.

அப்போ இது வெறும் திருட்டா? அப்படிச் சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். துவா குறுக்கே வந்தது.

மங்கோலியாவுக்கு வடக்கே இருக்கும் துவாவில் 1931 கணக்கெடுப்பில் எழுநூறுக்கும் மேற்பட்ட ஷாமன்கள் இருந்தார்கள். ஸ்டாலின் காலத்தில் மேளங்கள் பறிக்கப்பட்டன, பலர் சிறைக்குப் போனார்கள். அப்படிச் சிறை சென்ற ஒரு பெண் ஷாமனின் பேரன் மோங்குஷ் கெனின்-லோப்சான். அருங்காட்சியகத்தில் வேலை பார்த்துக்கொண்டே பல பத்தாண்டுகள் ஷாமன் பாடல்களைச் சேகரித்தவர். சோவியத் உடைந்தபின், 1993இல் ஹார்னரின் அமைப்பிலிருந்து ஒரு குழு துவாவுக்கு வந்து உள்ளூர் ஷாமன்களைச் சந்தித்தது. வெளிநாட்டுக்காரர்களே தேடி வருகிறார்கள் என்பது, அவமானமாகப் பார்க்கப்பட்ட ஒன்றுக்கு மதிப்பைத் திருப்பித் தந்தது. அதே காலகட்டத்தில் தலைநகர் கிசிலில் 'துங்கூர்' என்ற ஷாமன் சங்கம் உருவானது. அந்தச் சொல்லுக்கு மேளம் என்று அர்த்தம். அங்கே மறுபடியும் நோயாளிகள் வந்து காத்திருந்தார்கள்.

கழற்றிய லைப்ரரி சும்மா இல்லை, வேலை செய்தது. ஆனால் துவாவில் அது போய்ச் சேர்ந்த இடத்தில் பேரன் இருந்தார், பாட்டியின் நினைவு இருந்தது, வாசலில் ஆட்கள் இருந்தார்கள்.

இன்னமும் சில இரவுகளில் அந்த ஆடியோவைப் போடுகிறேன். தூக்கம் வருகிறது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் அதைப் பயணம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஹார்னருக்கு, தான் கண்டதைச் சொல்ல, அந்த இடத்துக்கு ஏற்கெனவே போய்வந்த ஒருவர் இருந்தார். என் ஆற்றங்கரையைப் பற்றிச் சொன்னால் கேட்டுவிட்டுச் சிரிக்க எனக்கு யாரும் இல்லை.