மட்டை ஏந்திய மங்கையர்

"பெண்பிள்ளைக்கு மட்டை எதற்கு, பந்து எதற்கு?" என்று அரக்கோணத்தில் என் மாணவி ஒருத்தியின் தந்தை என்னைக் கேட்டார். பொல்லாதவர் அல்லர் அவர். ஊர் கேட்கும் கேள்வியைத்தான் அவரும் கேட்டார். விடை தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. சென்னை நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கம்வரை போனால் போதும்.

1997 முதல் 2017 வரை ஆண்டுதோறும் உலக ஆடவர் அங்கே வந்து ஆடினர். 2018-இல் அப்போட்டி புனேவுக்குப் போயிற்று. அதன் பின்னரே, 2022 செப்டம்பரில், மகளிர் போட்டி அவ்வரங்கிலே முதன்முறையாக நடந்தது. ஆடவர் உண்டு எழுந்த பிறகே பெண்டிருக்கு இலை போடும் வீட்டு வழக்கம், ஆடுகளத்தையும் விட்டபாடில்லை!

நம் நாட்டு நோய் மட்டுமா இது? நாகரிகத்தின் நாற்றங்கால் எனப்படும் இங்கிலாந்தைப் பாருங்கள். விம்பிள்டனில் ஆடவர் இரட்டையர் ஆட்டம் 1884-இல் தொடங்கிற்று. மகளிர் இரட்டையர் பட்டத்துக்கோ 1913 வரை காத்திருக்க நேர்ந்தது. இடம் கிடைத்த பின்னும் ஊதியம் கிடைத்ததா? 1970-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டியிலே வெல்லும் ஆணுக்கு 12,500 டாலர், பெண்ணுக்கு 1,500! கையேந்தி நின்றார்களா? இல்லை. பில்லி ஜீன் கிங், ரோஸி கசால்ஸ் உள்ளிட்ட ஒன்பது பெண்கள், ஆளுக்கு ஒரே ஒரு டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, ஹூஸ்டன் நகரில் தனிப்போட்டி கண்டனர். 1973-இல் மகளிர் டென்னிஸ் சங்கம் பிறந்தது. அவ்வாண்டே அமெரிக்க ஓபன் சம பரிசு தந்தது. விம்பிள்டன் மனமிரங்க 2007 ஆயிற்று.

இங்கே, 2005-இல் சானியா மிர்சாவின் ஆட்டத்தை விட்டுவிட்டு ஆடையை அளந்தனர் மதவாதியர் சிலர். அவரோ 2015-இல் மார்ட்டினா ஹிங்கிசுடன் இணைந்து விம்பிள்டன் மகளிர் இரட்டையர் பட்டத்தை வென்றார். இந்தியப் பெண் எவரும் அதற்கு முன் கிராண்ட் ஸ்லாம் மகளிர் இரட்டையர் பட்டம் பெற்றதில்லை. அளவுகோல் ஏந்தியோர் அன்று எங்கே ஒளிந்தனரோ!

சென்னைக்கு வருவோம். பிரேசில் நாட்டு லூயிசா ஸ்டெஃபானி, 2021 அமெரிக்க ஓபன் அரையிறுதியில், கனடாவின் கேப்ரியேலா டப்ரோவ்ஸ்கியுடன் ஆடுகையில் முழங்கால் தசைநார் கிழிந்து வீழ்ந்தார். ஓராண்டு ஆடுகளம் காணவில்லை. மீண்டும் மட்டை எடுத்த முதல் போட்டி நம் சென்னைப் போட்டி! அதே தோழி உடன் நின்றார். இறுதியில் பிளிங்கோவா, ஸலமிட்ஸே இணையை 6-1, 6-2 என இருவரும் வென்றனர்.

இவ்வளவையும் அந்தத் தந்தையிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தவர், "மட்டை என்ன விலை இருக்கும், சார்?" என்றார்.