5 ஸ்டார் வீரர்கள் கல்லூரிக்குப் போனதும் மங்குவது ஏன்? கோச் மாற மாற என்ன நடக்கிறது?

2014-ம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவின் என்.எஃப்.எல் டிராஃப்ட் மூன்று நாட்கள் நடந்து முடிந்தது. 7 சுற்றுகள், மொத்தம் 256 வீரர்கள். அதில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்து ஒருத்தர் பெயர்கூட வாசிக்கப்படவில்லை. 1937-க்குப் பிறகு அந்த அணிக்கு இப்படி நடந்தது அதுவே முதல்முறை.

இத்தனைக்கும் ஒவ்வொரு வருடமும் நாட்டின் மிகச்சிறந்த பள்ளி வீரர்களை அள்ளிக்கொண்டு போகும் அணி அது. இன்னொரு விஷயமும் அன்று நடந்தது. அதே டிராஃப்டின் 6-வது சுற்றில் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணி கேரட் கில்பர்ட் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. அவர் வந்தது எஸ்.எம்.யூ என்ற சிறிய பல்கலைக்கழக அணியில் இருந்து. அதற்கு முன்பு அவர் ஆடிய அணி? டெக்சாஸ்.

அங்கே வளராத பையன் வேறு இடத்தில் வளர்ந்தது எப்படி?

முதலில், எந்த ஃபுட்பால்?

ஃபுட்பால் என்றதும் மெஸ்ஸியும் ரொனால்டோவும் ஞாபகத்துக்கு வந்தால், இது அது இல்லை. ஹெல்மெட் போட்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்க ஃபுட்பால். நம்மூர் கிரிக்கெட்டில் 17 வயதுப் பையன்கூட ரஞ்சி ஆடிவிடலாம். அங்கே அப்படி முடியாது. பள்ளி முடித்து 3 ஆண்டுகள் ஆன பிறகுதான் என்.எஃப்.எல் டிராஃப்டுக்கே தகுதி. எனவே நடுவில் இருக்கும் கல்லூரிதான் ஒரே வாசல்.

பள்ளியில் படிக்கும்போதே ரைவல்ஸ், 247 ஸ்போர்ட்ஸ் போன்ற தளங்கள் வீரர்களுக்கு ஸ்டார் கொடுத்துவிடும். 5 ஸ்டார் என்றால் உச்சம். ‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்பதுதான் இதன் அடிப்படை. முளை தெரிவது உண்மைதான். ஆனால் அந்த ஸ்டார், 17 வயதில் உடம்பும் வேகமும் எப்படி இருக்கின்றன என்பதற்குக் கொடுக்கப்படுவது. அடுத்த நான்கு வருடம் யாரிடம் போய்ச் சேரப்போகிறார் என்பது அந்தக் கணக்கில் கிடையாது.

கில்பர்ட்டுக்கு என்ன ஆச்சு?

லேக் டிராவிஸ் பள்ளி அணிக்கு இரண்டு முறை மாநிலப் பட்டம் வாங்கித் தந்தவர் கில்பர்ட். 2009-ல் டெக்சாஸில் சேர்ந்தார். ஜனவரி 7, 2010 அன்று அலபாமாவுக்கு எதிரான தேசிய சாம்பியன்ஷிப் ஆட்டம். தொடக்கத்திலேயே முதன்மை குவார்ட்டர்பேக் கோல்ட் மெக்காய் தோளில் அடிபட்டு வெளியேற, முதலாண்டு மாணவரான கில்பர்ட் களத்தில் இறக்கப்பட்டார். 4 இன்டர்செப்ஷன் கொடுத்தார். ஆனாலும் கடைசி கால்பகுதியில் ஸ்கோரை 24-21 வரை கொண்டுவந்தார். இறுதியில் 37-21 என்று தோல்வி.

பள்ளியில் அவர் ஆடியது பந்தைப் பின்னால் நின்று வாங்கி, களம் முழுக்க ஆட்களைப் பரப்பி வீசும் பாணி. சாம்பியன்ஷிப் தோல்விக்குப் பிறகு, இடித்துத் தள்ளி ஓடும் ஆட்டத்துக்கு மாற முடிவெடுத்தார் தலைமை கோச் மேக் பிரவுன். பாணிக்குப் பையன் பொருந்தவில்லை. 2010 சீசனில் கில்பர்ட்டின் கணக்கு 10 டச்டவுன், 17 இன்டர்செப்ஷன். முந்தைய சீசனில் 13-1 என்று இருந்த அணி 5-7 என்று சரிந்தது. அஃபென்ஸ் பொறுப்பில் இருந்த கிரெக் டேவிஸ் விலகினார். 2011-ல் பாய்ஸி ஸ்டேட்டில் இருந்து பிரையன் ஹார்சின் வந்தார், புதிய பாடத்துடன். இரண்டாவது ஆட்டத்திலேயே கில்பர்ட் பெஞ்சுக்குப் போனார். அந்த சீசன் முடிவதற்குள் அணியையே விட்டுப் போய்விட்டார்.

எஸ்.எம்.யூ-வில் ஜூன் ஜோன்ஸ் என்ற கோச், அதிகம் பந்து வீசும் அஃபென்ஸுக்குப் பெயர்போனவர். அங்கேயும் முதல் வருடம் சுமார்தான்: 15 டச்டவுன், 15 இன்டர்செப்ஷன். ஆனால் கோச் மாறவில்லை, பாடம் மாறவில்லை. இரண்டாவது வருடம் 3,500 யார்டுக்கு மேல் வீசினார். டிராஃப்ட் ஆனார். இந்த இரண்டாவது வருடம்தான் டெக்சாஸில் அவருக்குக் கிடைக்காமல் போனது.

கோச் மாறினால் ஒரே ஒருத்தர்தானே மாறுகிறார்?

இல்லை. தலைமை கோச் போனால் அவருடன் அஃபென்ஸ் கோச், டிஃபென்ஸ் கோச், ஒவ்வொரு இடத்துக்குமான தனிக் கோச், உடற்பயிற்சி கோச் என மொத்தக் கூடாரமும் காலி. உண்மையில் வீரரை வளர்ப்பது டிவியில் தெரியும் தலைமை கோச் இல்லை. தினமும் காலையில் கூடவே நின்று காலடி வைப்பதைத் திருத்தும் இந்த ஆட்கள்தான்.

2013-ல் டெக்சாஸில் சேர்ந்த டைரோன் ஸ்வூப்ஸை எடுத்துக்கொள்ளலாம். வைட்ரைட் என்ற சின்ன ஊர், சின்னப் பள்ளி. ஆள் வாட்டசாட்டமானவர், வேகமானவர். ஆனால் பெரிய பள்ளிகளின் போட்டியைப் பார்க்காதவர். இப்படிப்பட்டவரை முதல் வருடம் ஆடவிடாமல் பயிற்சியிலேயே வைத்திருப்பது வழக்கம். இதை ‘ரெட்ஷர்ட்’ என்பார்கள். அந்த வருடம் அவரது 4 ஆண்டுத் தகுதியில் கழியாது. ஆனா ஸ்வூப்ஸுக்கு அது கிடைக்கலை. முதல் வருடமே சில ஆட்டங்களில் கொஞ்ச நேரம் இறக்கிவிடப்பட்டு, ஒரு வருடம் வீணானது.

அந்த சீசனோடு மேக் பிரவுன் போனார். சார்லி ஸ்ட்ராங் வந்தார். 2014-ல் முதன்மை குவார்ட்டர்பேக் டேவிட் ஆஷ் தலைக் காயத்தால் ஒதுங்க, தயாராகாத ஸ்வூப்ஸ்தான் மீதி சீசன் முழுக்க ஆட வேண்டியதாயிற்று. 2015-ல் நோட்ரடேமிடம் 38-3 என்று தோற்ற முதல் ஆட்டத்துடன் ஆட்டத்தை வகுக்கும் கோச் மாற்றப்பட்டார், ஸ்வூப்ஸும் ஓரங்கட்டப்பட்டார். 2016-ல் மறுபடியும் புது ஆள்.

எண்ணிப் பாருங்கள். மேஜர் ஆப்பிள்வைட், ஷான் வாட்சன், ஜே நார்வெல், ஸ்டெர்லின் கில்பர்ட். நான்கு வருடத்தில் நான்கு பேர். ஒவ்வொருவருக்கும் தனி பிளேபுக், தனிக் குறியீட்டுச் சொற்கள். குவார்ட்டர்பேக்கைப் பொறுத்தவரை இது ஒவ்வொரு வருடமும் புது மொழியில் பரீட்சை எழுதுவது மாதிரி. யோசிக்காமல் கை தானாக வீச வேண்டிய நொடியில் அவர் இன்னும் மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டு இருப்பார். 2016-ல் நோட்ரடேமை 50-47 என்று கூடுதல் நேரத்தில் வீழ்த்தியபோது வெற்றி டச்டவுனை ஓடி எடுத்தவர் இதே ஸ்வூப்ஸ்தான். திறமை எங்கேயும் போய்விடவில்லை. டிராஃப்டில் அவரை யாரும் எடுக்கவில்லை. பிறகு சியாட்டில் சீஹாக்ஸ் அணி அவரை டைட் எண்ட் என்ற வேறு இடத்தில் முயன்று பார்த்தது.

லைன்மேன்களின் பாடு இன்னும் மோசம். 130 கிலோவுக்கு மேல் எடை, அந்த எடையுடன் நடனக்காரர் மாதிரி கால் நகர வேண்டும். உடம்பைத் தயார் செய்யவே இரண்டு, மூன்று வருடம் ஆகும். ஒரு கோச் ‘எடையைக் குறை, பக்கவாட்டில் ஓடு’ என்பார். அடுத்தவர் ‘எடையைக் கூட்டு, நேராகத் தள்ளு’ என்பார். 2010 முதல் 2017 வரை டெக்சாஸின் உடற்பயிற்சிக் கூடத்துக்கு மட்டும் நான்கு தலைவர்கள்.

புது கோச் ஏன் பழைய பையன்களை வளர்ப்பதில்லை?

வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அவர் தேர்ந்தெடுத்த பையன்கள் இல்லையே. மூன்று, நான்கு வருடத்தில் ஜெயித்துக் காட்டாவிட்டால் அவருக்கே வேலை இருக்காது. ஸ்ட்ராங்குக்கு அப்படித்தான் ஆனது: 6-7, 5-7, 5-7, அவ்ளோதான். அடுத்து டாம் ஹெர்மன். இந்த அவசரத்தில் மூன்றாம் ஆண்டு மாணவரைச் செதுக்குவதைவிட, தான் அழைத்து வந்த முதலாண்டுப் பையனுக்கு வாய்ப்பு கொடுப்பதே கோச்சுக்கு லாபமாகப் படும்.

எல்லாப் பழியும் கோச்சுக்கா?

அதுவும் சரியாகாது. மேக் பிரவுன் காலத்தில் ‘ஜூனியர் டே’ என்று பிப்ரவரியில் பள்ளி மாணவர்களை வரவழைத்து, அவர்களின் கடைசிப் பள்ளி சீசன் தொடங்கும் முன்பே இடங்களை நிரப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு யார் வளர்ந்தார், யார் தேங்கினார் என்று பார்க்க வழியில்லை. காயமும் உண்டு. 2010-ல் 5 ஸ்டாராக வந்த ஜாக்சன் ஜெஃப்கோட் மார்புத் தசைக் காயத்தால் அவதிப்பட்டார். 2013-ல் நாட்டின் சிறந்த டிஃபென்ஸ் வீரர்களில் ஒருவராக மீண்டு வந்தும் டிராஃப்டில் எடுக்கப்படவில்லை. பிறகு கனடா லீகில் கிரே கோப்பை வென்றார்.

கோச் மாறினாலே கெட்டுவிடும் என்பதும் இல்லை. அலபாமாவில் நிக் சேபன் காலத்தில் அஃபென்ஸ் கோச்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும்தான் இருந்தார்கள். ஆனாலும் 2021 டிராஃப்டின் முதல் சுற்றில் மட்டும் 6 பேர் அந்த அணியில் இருந்து போனார்கள். காரணம், மேலே சேபன் மாறவில்லை. புதிதாக வருபவர்தான் அந்த வீட்டின் பேச்சைக் கற்றுக்கொள்ள வேண்டும், வீரர்கள் அல்ல.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

2021-ல் ஸ்டீவ் சார்கிசியன் டெக்சாஸுக்கு வந்தார். முதல் சீசன் 5-7. பழைய கணக்குப்படி அங்கேயே குழப்பம் தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் லைன்மேன் கோச் கைல் ஃபிளட், டிஃபென்ஸ் கோச் பீட் குவியட்கவ்ஸ்கி இருவரும் தொடர்ந்தார்கள். 2022-ல் சேர்ந்த கெல்வின் பேங்க்ஸ் முதலில் ஒரிகான் அணிக்குப் போவதாக இருந்தவர். அங்கே கோச் மாறியதால்தான் டெக்சாஸ் பக்கம் திரும்பினார். மூன்று வருடமும் ஒரே ஃபிளட்டிடம் பயிற்சி. 2025 டிராஃப்டில் 9-வது ஆளாக நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணிக்குப் போனார். டெக்சாஸில் இருந்து 2024-ல் 11 பேர், 2025-ல் 12 பேர் எடுக்கப்பட்டார்கள்.

வீரர்களுக்கும் இப்போது கதவு திறந்திருக்கிறது. 2018-ல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021 முதல், ஒரு வருடம் சும்மா உட்காராமலேயே வேறு கல்லூரிக்கு மாறி ஆடலாம். கோச் போனால் பையனும் போகலாம். ஆனால் போகும் இடத்திலும் புது கோச், புது பிளேபுக், முதல் நாளில் இருந்துதான்.

கில்பர்ட் என்.எஃப்.எல்-லில் ஏழெட்டு அணிகள் மாறினார். ஒரு ஆட்டத்தைத் தொடக்க குவார்ட்டர்பேக்காக அவர் முதன்முதலில் ஆடியது 2020 நவம்பரில், டல்லாஸ் கவ்பாய்ஸ் அணிக்காக. அப்போது அவருக்கு வயது 29.