முதுகில் ஒரு முக்கோணம்

ஹுத்தான் மெலிந்தாங் என்றதும் நம்ம ஆட்களுக்கு ஞாபகம் வருவது தோட்டம்தான். 1906-இல் டென்மார்க்காரர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் தொடங்கிய ஜெண்டராத்தா ரப்பர் கம்பெனி, லயத்து வீடுகள், விடியாத பெரட்டு. பெர்ணம் ஆறு கடலில் கலக்கும் பக்கம் நம் எழுத்து அதிகம் திரும்பியதில்லை. பேராக்கின் அந்தக் கலங்கல் கரையோரத்தில் சில நேரம் ஒரு சின்ன முக்கோணம் எழும், மறையும். மலாயில் லும்பா-லும்பா, தமிழில் ஓங்கில்.

இங்குள்ள ஐராவதி ஓங்கிலின் அறிவியல் பெயர் தொடங்கியது மதராஸ் மாகாணத்தில். 1852-இல் விசாகப்பட்டினம் துறைமுகத்தில் கிடைத்த ஒன்றை வால்டர் எலியட் சேகரித்தார். அமராவதியைத் தோண்டி, அந்தச் சிற்பங்களுக்கே 'எலியட் மார்பிள்ஸ்' என்று பேர் வாங்கிக்கொண்ட அதே அதிகாரி. (சிற்பம், நாணயம், ஓங்கில் என்று அவர் விட்டுவைத்தது குறைவு.) 1866-இல் லண்டனில் ரிச்சர்ட் ஓவன் அதற்குப் 'பிரெவிரோஸ்ட்ரிஸ்', அதாவது குட்டை மூக்கு, என்று பேர் வைத்தார். மூக்கைத்தான் பார்த்தார்கள். முதுகை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

மீனின் முதுகுத் துடுப்புக்குள் முள் இருக்கிறது. சுறாவுடையதில் நார்க் கதிர்கள் இருக்கின்றன. கல்யாண விருந்தில் சூப்புக் கிண்ணத்தில் மிதக்கிற இழை அதுதான். ஓங்கிலுக்கு எலும்பும் இல்லை, முள்ளும் இல்லை, வெறும் கெட்டியான நார்த்திசு. நீந்தும்போது உடம்பு உருளாமல் பிடிக்கும், சூட்டையும் வெளியேற்றும். ஆண் ஓங்கிலின் விதைப்பை உடம்புக்குள்ளேயே இருப்பதால், துடுப்பில் ஆறிய ரத்தம் அங்கே போய்க் குளிரூட்டுகிறது. சூப்புக்காக அதை யாரும் அறுப்பதில்லை என்பது ஓங்கிலின் அதிர்ஷ்டம்.

துடுப்பை முகமாகப் படிக்கலாம் என்பதை உலகத்துக்கு அழுத்திச் சொன்னவர் கனடாவின் மைக்கேல் பிக். 1970-களில், காட்சிசாலைகளுக்காக ஓர்காக்களைப் பிடித்துக்கொண்டிருந்த காலம். கடலில் ஆயிரக்கணக்கில் கிடக்கிறது என்பது பொதுநம்பிக்கை. துடுப்பின் வெட்டுகளையும் தழும்புகளையும் படமெடுத்து ஒவ்வொன்றாக அடையாளம் கண்டார் பிக். எண்ணிப் பார்த்தால் சில நூறுதான். பிடிப்பு நின்றதற்கு அந்த எண்ணிக்கையும் ஒரு காரணம்.

அதே முறை பேராக்குக்கும் வந்தது. லூயிசா பொன்னம்பலம் இணைந்து 2012-இல் நிறுவிய மாரேசெட் அமைப்பின் ஆய்வாளர்கள், ஹுத்தான் மெலிந்தாங்குக்கு வடக்கே மாத்தாங் சதுப்புநிலக் கடலில் துடுப்புகளைப் படமெடுத்து வருகிறார்கள். சுலபமான வேலை இல்லை. ஐராவதி ஓங்கிலின் துடுப்பு சின்னது, மழுங்கியது. மேலே வருவது ஒன்றிரண்டு நொடி, உடனே சேற்று நிறத் தண்ணீருக்குள் போய்விடும். கூடவே திரியும் இன்னொரு வகைக்குக் 'கூன்முதுகு ஓங்கில்' என்று பேர். ஆனால் இங்கே அதுக்குக் கூனே இல்லை! கூன் இருப்பது தமிழ்நாட்டுக் கரையில் நீந்தும் அதன் சொந்தக்காரனுக்கு. 2014-இல் அதைத் தனி இனமென்று பிரித்தார்கள்.

துடுப்பில் தெரியும் வெட்டுகள் எல்லாம் பிறவி அடையாளம் இல்லை. சிலது ஒன்றோடொன்று கடித்துக்கொண்டது, சிலது வலையும் படகும் தந்தது. செவுள்வலையில் மாட்டினால் மேலே வந்து மூச்சுவிட முடியாது. ஐராவதி ஓங்கிலை 2017-இல் அழியும் நிலைப் பட்டியலில் வைத்ததற்கு அந்த வலையே முதல் காரணம். தழும்போடு தப்பித்தது ஆய்வாளரின் ஆல்பத்தில் பேர் பெறும். தப்பிக்காததற்குப் படமே இருக்காது. தோட்டத்திலும் பெரட்டில் நின்றவனுக்குத்தான் செக்ரோலில் பேர் விழுந்தது.

இதே கடலில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, துடுப்பில்லா ஓங்கில். 1829-இலேயே கூவியே பேர் வைத்துவிட்டார். முதுகில் முக்கோணம் கிடையாது, சொரசொரப்பான ஒரு அகன்ற வரம்பு மட்டும். படத்தை வைத்து இது அது என்று பிரிக்க வழியில்லை. படகிலிருந்து கண்ணால் பார்த்து எண்ண வேண்டும், அதுவும் கடல் கண்ணாடி மாதிரி கிடக்கிற காலையில். கொஞ்சம் காற்று எழும்பினால் அன்றைய கணக்கு அவ்வளவுதான்.