ஊசியும் கருப்பையும்: ஓல்டம் சொன்ன பாடம்

ஹார்மோன் ரிப்போர்ட்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது பல வருஷம் என் வேலை. எஃப்எஸ்ஹெச், எல்ஹெச், எஸ்ட்ராடியால் என்று வரிசையாக எண்கள் இருக்கும். எண் இறங்கியிருந்தால், குழந்தைக்காக சிகிச்சைக்கு வந்த பெண்கள் "என் உடம்புலதான் கோளாறா மேடம்?" என்பார்கள். அவர்களுக்கெல்லாம் ஓல்டம் கதையைச் சொல்லியிருக்கிறேன்.

ஓல்டம், இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்து ஊர். விஞ்ஞானி ராபர்ட் எட்வர்ட்ஸ், மகப்பேறு மருத்துவர் பேட்ரிக் ஸ்டெப்டோ, நர்ஸாகப் பயின்று ஆய்வகத்துக்கு வந்த ஜீன் பர்டி மூவரும் முட்டையை வெளியே எடுத்து ஆய்வகத்தில் கருவாக்கிக் கருப்பையில் வைக்க 1969 முதல் அங்கே பாடுபட்டார்கள். மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த ஹார்மோனை ஊசியாகப் போட்டார்கள். முட்டைகள் நிறைய வளர்ந்தன, கருவும் உருவானது. கருப்பையில் வைத்தால்தான் தங்கவில்லை. ஊசியால் சுழற்சியின் பின்பாதி சுருங்கி, மாதவிடாய் முந்தி வந்துவிடும். அதைத் தடுக்க பிரிமோலூட் டெப்போ என்ற இன்னொரு ஊசி போட்டார்கள். உதவிக்கு வந்த அந்த மருந்தே இடைஞ்சலாக இருந்திருக்கலாம் என்று எட்வர்ட்ஸ் பிற்பாடு முடிவுக்கு வந்தார். கடைசியில் தங்கிய ஒரு கருவும் கருக்குழாயில் வளர்ந்ததால் அகற்ற வேண்டியதாயிற்று.

1977இல் ஊசிகளையே விட்டுவிட்டார்கள். இயற்கையாக வளரும் ஒரே முட்டை போதும் என்று துணிந்தார்கள். அது எப்போது முதிரும் என்று தெரிய வேண்டுமே! மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, நடுராத்திரியிலும், சிறுநீர் பிடித்து, முட்டை வெளிவரத் தூண்டும் எல்ஹெச் ஹார்மோனைப் பார்த்தார்கள். அளவு ஏறத் தொடங்கிய நேரத்திலிருந்து கணக்குப் போட்டு முட்டையை எடுத்தார்கள். அப்படித்தான் லெஸ்லி பிரவுனுக்கு 1978 ஜூலை 25 அன்று உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை லூயிஸ் பிறந்தாள்.

அதே வருஷம் அக்டோபர் 3 அன்று கல்கத்தாவில் இன்னொரு சோதனைக் குழாய்க் குழந்தை துர்கா பிறந்தாள். அவளுக்கு வழிசெய்த டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் ஊசியை விடவில்லை. கருவை உறையவைத்து, ஊசியின் பாதிப்பு தணிந்த பிறகு வேறொரு மாதத்தில் கருப்பையில் வைத்தார். இன்று 'ஃப்ரோசன் டிரான்ஸ்ஃபர்' என்று எல்லா ஊரிலும் செய்வது இதைத்தான். அன்று அரசுக் குழு அவரை நம்பவில்லை. 1981இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த அநியாயத்தை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறுவதில்லை.

ஓல்டமின் குறிப்பேடுகளைப் பிற்காலத்தில் எண்ணிப் பார்த்தார்கள். வந்த பெண்கள் 282 பேர். கரு வைத்தது 112 முறை. தரித்தவை 5. பிறந்த குழந்தைகள் 2. மற்ற 280 பேரும் அந்த சிகிச்சையில் குழந்தை காணாமலே வீடு திரும்பினார்கள். எந்த மருந்து, எந்த நேரம், எந்த அளவு என்று மருத்துவம் கற்றுக்கொண்டது அவர்கள் உடம்பிலிருந்துதான்.

ஆகவே, "ஹார்மோன் சரியில்லை, இந்த மாசம் வேண்டாம்" என்று டாக்டர் சொன்னால் அதை உங்கள் உடம்பின் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மருந்தும் நேரமும்கூடக் காரணமாக இருக்கலாம். அடுத்த முறை எதை மாற்றப் போகிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.