ஒரு படமும் அதன் பிரதிகளும்

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாற்று ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்தவன், வகுப்பில் தான் சொன்ன தவறு ஒன்றை ஒப்புக்கொள்வதற்காக வானொலிக்கு வருவது சற்றே விந்தையான செயல்தான். எனினும் 1988-ஆம் ஆண்டில் என்னிடம் பயின்ற மாணவர்கள் இன்று எங்கெங்கோ இருக்கிறார்கள். அவர்களை ஒருங்கே எட்டுவதற்கு வேறு வழி எனக்குப் புலப்படவில்லை. இப்போது பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் நீங்களும் உடனிருந்து கேட்பதில் எனக்கு மகிழ்ச்சியே.

தவறு ஒரு திரைப்படத்தைப் பற்றியது. படத்தின் பெயர் ‘அந்த நாள்’. ஏவி.எம். நிறுவனத்தார் தயாரித்து, 1954-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் வெளிவந்தது. இயக்கியவர் எஸ். பாலசந்தர், வீணை வித்துவான் பாலசந்தர் என்று உலகம் பிற்காலத்தில் போற்றிய அதே மேதை. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. கதை வசனம் எழுதியவர் ஜாவர் சீதாராமன். துப்பறியும் அதிகாரியாக நடித்தவரும் அவரே. ஒளிப்பதிவு மாருதி ராவ். பாட்டில்லை, கூத்தில்லை, சண்டையில்லை. படம் பார்ப்பதென்றாலே பாட்டுக் கேட்பது என்றிருந்த நாளில் இது எத்தகைய துணிவு என்பதை உங்கள் தாத்தாமார்களைக் கேட்டால் சொல்வார்கள். வசூலில் படம் வெற்றி பெறவில்லை. ஆயினும் மைய அரசின் தகுதிச் சான்றிதழ் அதற்குக் கிடைத்தது.

1943-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையின் மீது ஜப்பானிய விமானம் குண்டு போட்ட நாட்களே கதையின் களம். படம் தொடங்கியவுடன் துப்பாக்கி வெடிக்கிறது. ராஜன் என்னும் வானொலிப் பொறியாளன் சுருண்டு விழுகிறான். சிவாஜி கணேசன் போன்றதொரு நாயகனை முதற்காட்சியிலேயே கொன்றுவிட்டு ஒரு கதையைத் தொடங்குவதென்றால்! பின்னர் அண்டை வீட்டுக்காரர், தம்பி, தம்பியின் மனைவி, நாட்டியக்காரி என ஒவ்வொருவரும் வாக்குமூலம் அளிக்கின்றனர். ஒருவர் மற்றொருவரைச் சுட்டுகிறார். ஒவ்வொருவர் வாய்ச்சொல்லிலும் இறந்தவன் வேறு மனிதனாகத் தோன்றுகிறான். சுட்டது யார் என்பதை நான் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்லிவிட்டு உங்கள் வசவுக்கு ஆளாக எனக்கு விருப்பமில்லை.

அகிரா குரோசாவா என்னும் ஜப்பானிய இயக்குநர் 1950-இல் எடுத்த ‘ராஷோமோன்’ என்ற படத்தைத் திரைப்பட விழாவிற் கண்டதனால் பாலசந்தருக்கு எழுந்த எண்ணம் இது. அவ்வெண்ணத்தை அவர் முதலில் ஒரு நாடகமாக எழுதி வானொலிக்குத்தான் அளித்தார் என்றும், வானொலி அதனை ஏற்கவில்லை என்றும் சொல்வார்கள். இந்த ஒலிவாங்கியின் முன் அமர்ந்து அதனைச் சொல்ல எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது. வானொலியார் மறுத்ததால் தமிழுக்கு ஒரு படம் கிடைத்தது என்று மனத்தைத் தேற்றிக்கொள்வோம்.

இப்படத்தை நான் முதன்முதற் கண்டது திரையரங்கில் அன்று. என் தந்தையார் குன்னூரை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் அலுவலக எழுத்தர். 1970-ஆம் ஆண்டு வாக்கில், எனக்குப் பத்து வயதிருக்கும்போது, கொழுந்து நிறுக்கும் கொட்டகையின் முன்னால் வெள்ளைத் துணி கட்டி, 16 மில்லிமீட்டர் கருவியில் படம் காட்டினார்கள். லயன் வீடுகளிலிருந்து கம்பளிகளோடு வந்து எல்லோரும் ஈரத் தரையில் அமர்ந்தோம். கருவியிலிருந்து புறப்பட்ட ஒளிக்கற்றையின் குறுக்கே மூடுபனி புகுந்து புகுந்து வெளிவந்தது. அருகிலிருந்த கிழவி ஒருத்தி, “பாட்டு எப்போதப்பா வரும்?” என்று என்னிடம் மூன்று முறை கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. திரையிலிருந்த இருட்டும் தோட்டத்திலிருந்த இருட்டும் எனக்கு ஒன்றாகவே தோன்றின. அன்றிரவு வீட்டுப் படியேறிச் செல்லத் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து, ஆசிரியனாகிய பின், அதே படம் வீடியோ கேசட்டாக வாடகைக்குக் கிடைப்பதைக் கண்டு ஆவலோடு எடுத்துவந்து மாணவர்களுக்குக் காட்டினேன். பத்து வயதில் என்னை அச்சுறுத்திய இருட்டை அதில் காணவில்லை. கறுப்பெல்லாம் சாம்பலாக வெளுத்திருந்தது. சிவாஜியின் குரலும் சற்றே மெலிந்து ஒலிப்பது போல் பட்டது. அன்றியும் கடிகாரத்தைப் பார்த்தேன். படம் 125 நிமிடத்தில் முடிந்துவிட்டது. நூல்களிலோ 130 நிமிடம் என்றிருந்தது. உடனே மாணவரை நோக்கி, “ஐந்து நிமிடத்தை யாரோ வெட்டிவிட்டார்கள். போர்க்காலத்தையும் ஒற்றர்களையும் பற்றிய படமாதலால் அரசியற் காரணமாகத்தான் வெட்டியிருக்க வேண்டும். மற்றும், அக்காலத்து ஒளிப்பதிவு இவ்வளவுதான், நாம் பொறுத்துக்கொள்ள வேண்டும்” என்று அழுத்தந்திருத்தமாகச் சொன்னேன். அவர்களும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். ‘சான்றைச் சோதிக்காமல் தீர்ப்புச் சொல்லாதே’ என்று அதே குழந்தைகளுக்கு அதே ஆண்டில் பாடம் நடத்தியவனும் நானே.

என் கண்ணைத் திறந்தவர் ஒரு மாணவனின் தந்தை. உதகை இந்து நகரிலிருந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் பணிபுரிந்தவர். ஏதோ வேலையாகப் பள்ளிக்கு வந்தவரிடம் நான் இந்த வெட்டுக் கதையைப் பெருமையோடு சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “சார், ஒரு காகிதம் கொடுங்கள்” என்றார்.

அவர் போட்ட கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள். திரைப்படம் நொடிக்கு 24 படங்களாக ஓடுவது. 130 நிமிடத்திற்கு 7,800 நொடி. ஆகவே மொத்தம் 1,87,200 படங்கள். அப்போதைய நம் நாட்டுத் தொலைக்காட்சி முறைக்குப் ‘பால்’ என்று பெயர். கறக்கும் பாலன்று, ஆங்கில எழுத்துக்களின் சுருக்கம். அதில் நொடிக்கு 25 படங்கள். சுருளைக் கேசட்டாக மாற்றியவர்கள் பெரும்பாலும் அதனைச் சற்று விரைவாக ஓட்டி, நொடிக்கு 25 படமாகவே பதிந்துவிட்டார்கள். 1,87,200-ஐ 25-ஆல் வகுத்தால் 7,488 நொடி. அதாவது 124 நிமிடம் 48 நொடி. ஒரு படமும் குறையவில்லை, ஒரு சொல்லும் போகவில்லை. ஓட்டம் மட்டுமே விரைந்தது. ஓட்டம் விரைந்ததால் ஒலியின் சுருதியும் நூற்றுக்கு நான்கு பங்கு ஏறிவிட்டது. சிவாஜியின் குரல் மெலிந்ததன் காரணம் அதுவே. அரைச் சுரத்திற்கும் குறைவான வேறுபாடுதான். ஆனால் வீணையில் கமகத்தின் நுட்பத்தை அளந்தவராகிய பாலசந்தர் கேட்டிருந்தால் முகஞ்சுளித்திருப்பார்.

நான் கண்டுபிடித்த அரசியற் சதி இவ்வாறு ஒரு வகுத்தற் கணக்கில் கரைந்துபோயிற்று.

அதற்குப் பிறகே, கிடைத்த பிரதிகளையெல்லாம் வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் எனக்கு ஏற்பட்டது. இது புதிய வேலையன்று. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஊர்களிலிருந்து ஏட்டுப் பிரதிகளைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்து, பாடபேதம் குறித்தார் அல்லரோ? ஏட்டில் ஓர் எழுத்துச் சிதைந்திருந்தால் திருத்தக்கதேவர் மீது அவர் பழி போடவில்லை; எழுதினவர் கை பிழைத்ததா, செல்லரித்ததா என்று பார்த்தார். நானோ மாருதி ராவின் மேல் பழி போட்டேன்.

கேசட்டுக்குப் பின் வந்தது வி.சி.டி. என்னும் குறுந்தகடு. ஒரு தகட்டில் ஏறத்தாழ 74 நிமிடமே அடங்கும். ஆகையால் படம் இரண்டு தகடுகள். என்னிடமிருந்த பிரதியில் ஒரு சாட்சி பேசிக்கொண்டிருக்கையிலேயே முதற்றகடு முடிந்துவிடும். எழுந்து சென்று மாற்ற வேண்டும். பெரிய குறை அதுவன்று. வி.சி.டி.யில் ஒரு படத்திற்குக் குறுக்கே 352, நெடுக்கே 288 என ஏறத்தாழ ஒரு இலட்சம் புள்ளிகளே உண்டு. இடத்தை மிச்சப்படுத்துவதற்காக, ஒன்றுபோல் தோன்றும் பகுதிகளை அது கட்டங்கட்டமாகச் சேர்த்துவிடும். வெளிச்சமான பகுதியில் இது அவ்வளவாகத் தெரியாது. இருட்டிலோ, மெல்ல மெல்ல அடர்ந்து செல்ல வேண்டிய நிழல், சதுரக் கற்களை அடுக்கியது போல் ஆகிவிடுகிறது. பாட்டும் கூத்தும் நிறைந்த படத்திற்குக் குறுந்தகடு ஓரளவு போதும். நிழலையே நம்பி எடுத்த கொலைக் கதைக்கு அது பெருங்கேடு.

டி.வி.டி.யில் புள்ளிகள் நான்கு இலட்சத்துக்கும் மேல். அதனை முதன்முதற் போட்ட மாலையில் நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். சாம்பல் போய்க் கறுப்பு வந்தது. விளக்கு எங்கிருக்கிறது, நிழல் ஏன் முகத்தில் பாதியை மறைக்கிறது என்பதெல்லாம் புரிந்தது. ஒவ்வொரு சாட்சியின் கதைக்கும் வெளிச்சம் வேறாக இருக்கிறதோ என்று ஐயுற்று மறுபடியும் பார்த்தேன். தோட்டத்துக் கொட்டகையில் கண்ட இருட்டில் ஒரு பகுதி திரும்பி வந்திருந்தது. சுருளிலிருந்த கீறல்களும் தூசியும் அப்படியே இருந்தன; அவற்றை நான் பொருட்படுத்தவில்லை.

பிரதி புதியதானால் மேலானது என்று எண்ணிவிடாதீர்கள். அண்மையில் நான் கண்ட ஒரு கணினிப் பிரதி மிகத் தெளிவாகவே இருந்தது. ஆனால் இக்காலத்து அகன்ற திரையை நிரப்புவதற்காக யாரோ மேலும் கீழும் நறுக்கியிருந்தார்கள். பழைய படத்தின் சட்டம் ஏறத்தாழ நான்குக்கு மூன்று. அதனைப் பதினாறுக்கு ஒன்பது ஆக்கினால் உயரத்தில் நூற்றுக்கு 25 பங்கு போய்விடும். நெற்றியில்லாத துப்பறிவாளரும் கையில்லாத சாட்சிகளுமாக அப்பிரதி எனக்குத் தோன்றிற்று. 1988-இல் வெட்டு இல்லாத இடத்தில் வெட்டு என்று கூவினேன். உண்மையான வெட்டு பின்னர்தான் வந்தது. இதைப் பற்றி எவரும் கூவக் காணோம்.

நீலகிரியில் வாழ்கிற நமக்கு இச்செய்தியில் ஒரு தனி உரிமை உண்டு. 1954-இல் ‘அந்த நாள்’ எடுத்தபோது இந்தியாவிற் படச்சுருள் செய்யும் ஆலை இல்லை; ஒவ்வோர் அடியும் கடல்கடந்து வந்தது. 1960-இல் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவப்பட்டு, பிரெஞ்சு நிறுவனமொன்றின் உதவியோடு 1967-இல் உற்பத்தி தொடங்கியது. தூசி குறைந்த குளிர்ந்த மலைக்காற்று அத்தொழிலுக்கு ஏற்றது. வெள்ளி உப்பைக் கூழோடு கலந்து மெல்லிய தாளின் மீது பூசும் வேலை அது. ஒளி பட்டால் கெட்டுவிடும் பொருளாதலால், பூசுவதும் வெட்டுவதும் முழு இருட்டில் நடக்க வேண்டும். “கை பழகிவிடும் சார், கண்ணைத் திறந்து வைத்திருப்பதும் மூடி வைத்திருப்பதும் ஒன்றுதான்” என்று அந்தத் தந்தை சொன்னார். ‘இந்து’ என்ற பெயரோடு எக்ஸ்-கதிர்த் தாளும், புகைப்படச் சுருளும், திரைப்படப் பிரதிக்கான கறுப்பு வெள்ளைச் சுருளும் அங்கிருந்து சென்றன. எண்முறைப் படப்பிடிப்பு வந்தபின் ஆலை நலிந்தது. 2014-இல் மைய அரசு தொழிலாளர்க்கு விருப்ப ஓய்வுத் திட்டத்தை ஒப்புக்கொண்டது. இந்து நகர் என்ற பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது.

சுருள் என்பது சாகக்கூடிய பொருள். வெப்பமும் ஈரமும் தாக்கினால் அசிடேட்டுச் சுருள் உள்ளிருந்தே அரித்துக் காடி போல் நாறத் தொடங்கும். பிறகு சுருங்கி நெளிந்து, கருவியில் ஏற மறுக்கும். அதற்கு முந்திய நைட்ரேட்டுச் சுருளோ தீப்பற்றுவது. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமாகிய ‘காளிதாஸ்’ படத்திற்கு இன்று ஒரு பிரதியும் இல்லை. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ஊமைப் படம் ‘கீசக வதம்’ என்பதும் மறைந்துவிட்டது. புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் தோன்றியது 1964-இல்தான்.

மட்டமான பிரதி என்று எதனையும் எறிந்துவிடலாகாது என்பதற்கு வெளிநாட்டில் ஒரு சான்று உண்டு. ஜெர்மனியில் 1927-இல் வந்த ‘மெட்ரோபோலிஸ்’ என்னும் படத்தின் பல பகுதிகள் தொலைந்துவிட்டன என்றே உலகம் நம்பியிருந்தது. 2008-இல் அர்ஜென்டினாவின் தலைநகரில், கீறல் மலிந்த ஒரு 16 மில்லிமீட்டர் பிரதியில் அவற்றுட் பெரும்பகுதி அகப்பட்டது. இச்செய்தியைப் படித்த நாளில் எனக்குக் கொழுந்துக் கொட்டகை நினைவு வந்தது. அங்கே காட்டிய சுருள் என்னவாயிற்று என்று விசாரித்தேன். படம் காட்ட வந்தவர்களை எவருக்கும் நினைவில்லை. தோட்டத்துப் பண்டகசாலையில் துருப்பிடித்த தகரப் பெட்டி ஒன்று மட்டும் இருந்தது. திறந்தேன், காடி வாடை அடித்தது, உள்ளே ஒன்றுமில்லை.

1988-ஆம் ஆண்டு மாணவர்களே, அக்குறிப்பேடு இன்னும் எவரிடமேனும் இருக்குமானால், இரண்டு வரிகளை அடித்துவிடுங்கள். ஐந்து நிமிடத்தை யாரும் வெட்டவில்லை. ஒளிப்பதிவிலும் குறையில்லை. பக்கத்தின் ஓரத்தில், ‘ஆசிரியர் பார்த்தது வாடகைக் கேசட்’ என்று எழுதிக்கொள்ளுங்கள்.