பசியாறலும் மாலைத் தேநீரும்

சென்ற ஆண்டு சென்னைக்குச் சென்றிருந்தபோது, முன்னர் என்னிடம் பாடம் ஓதிய மாணவர் ஒருவர் என்னைப் பெரியதோர் ஓட்டலுக்கு அழைத்துச் சென்றார். அப்போது காலை மணி பதினொன்று. "இது பசியாறலா, பகலுணவா?" என்று வினவினேன். "இரண்டும்தான் ஹஜ்ரத். இதற்குப் பிரஞ்ச் என்று பெயர்" என்றார். நீண்ட மேசைகளில் பல நாட்டு உணவுகள் அணிவகுத்திருந்தன. மாலையானால் அதே கூடத்தில், மூன்றடுக்குத் தட்டில் பலகாரங்கள் வைத்துத் தேநீர் தருவார்களாம்.

எங்கள் கோப்பைகளை நிரப்பிக்கொண்டிருந்த இளைஞரின் பேச்சில் கரிசல் வாடை வீசியது. "தம்பிக்கு எந்த ஊர்?" என்றேன். "எட்டயபுரம் பக்கம் அய்யா" என்றார். எனக்கோ கோவில்பட்டி. "சாப்பிட்டீர்களா?" என்றேன். "எங்களுக்கு நாலு மணிக்கு மேல்தான் அய்யா" என்று சிரித்தவாறே அடுத்த மேசைக்குச் சென்றுவிட்டார். அந்த விடை ஊர் திரும்பும்வரை என்னோடு வந்தது. இவ்விரு வேளை உண்டிகளின் வரலாற்றைத் தேடிப் பார்க்கத் தூண்டியதும் அதுவே.

பிரஞ்ச் என்னும் சொல், காலை உணவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் பகலுணவைக் குறிக்கும் சொல்லையும் ஒட்டிப் பிறந்த கலவை. 1895-ஆம் ஆண்டு கை பெரிங்கர் என்ற ஆங்கிலேயர் ஓர் இதழில் எழுதிய கட்டுரையில் அதனைப் பரிந்துரைத்தார். சனிக்கிழமை இரவு நெடுநேரம் விழித்திருந்தவர் ஞாயிறன்று பிந்தி எழுந்து உண்பதற்கான ஏற்பாடு அது. மாலைத் தேநீரின் கதை அதற்கும் முந்தியது. பகலுணவுக்கும், எட்டு மணிக்கு மேல் நிகழும் இரவு விருந்துக்கும் இடைப்பட்ட நெடும்பொழுதைப் போக்க, பெட்ஃபோர்டு கோமகள் அன்னா 1840-ஐ ஒட்டி அவ்வழக்கத்தைத் தொடங்கியதாகச் சொல்வர். மாளிகையில் பிறந்த அவ்வழக்கம் பின்னர் பெரும் விடுதிகளுக்குச் சென்றது. சென்னையில் 1890-இல் ஆளுநர் பெயரைத் தாங்கிய கன்னிமாரா விடுதியும், பம்பாயில் 1903-இல் திறக்கப்பட்ட தாஜ்மகால் விடுதியும் அந்தக் காலத்தின் சின்னங்கள். ஆக, ஒன்று பிந்தி எழுபவரின் உணவு. மற்றொன்று உழைக்க வேண்டாதவரின் பொழுதுபோக்கு.

ஆனால் அதே இரு வேளைகளிலும் எங்கள் கரிசலில் மக்கள் உண்டும் குடித்தும் வந்திருக்கின்றனர்; காரணம்தான் நேர்மாறானது. கரிசல் மண் வடகிழக்குப் பருவமழையை நம்பிய மண். மழைநீரை நெடுநாள் தன்னுள் தேக்கி வைத்துக்கொள்ளும். கோடையில் காலடி புதையும் அளவு பிளந்து கிடக்கும். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மல்லி, மிளகாய் ஆகியன அதன் விளைச்சல். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க வேண்டுமாதலால், விடியுமுன் நீராகாரம் பருகிவிட்டுக் காட்டுக்குப் போவார்கள். களையெடுத்தும் பருத்தி எடுத்தும் களைத்து, வெயில் உச்சியை நெருங்கும் வேளையில் வேப்பமர நிழலில் கஞ்சிக் கலயம் திறக்கப்படும். கம்பங்கூழோ சோளச்சோறோ உணவு. கடித்துக்கொள்ளும் வெங்காயமும் மோர்மிளகாயும் வெஞ்சனம். பசியாறலையும் பகலுணவையும் ஒன்றாக்கியது இங்கே சோம்பல் அன்று, வறுமையும் வெயிலும். பொழுது சாய்ந்தபின் சுக்குமல்லி நீர் உண்டு. பருத்திக்கொட்டையை அரைத்துப் பிழிந்து, கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சும் பருத்திப்பாலும் உண்டு. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் இந்த வறண்ட நிலத்தின் பலகாரமே.

இனி, அந்த மூன்றடுக்குத் தட்டின் பக்கத்தில் நிற்கும் தேநீருக்கும் நம் பகுதிக்கும் உள்ள உறவைக் காண்போம். 1876-ஆம் ஆண்டு மதுரை – தூத்துக்குடி இருப்புப்பாதை கோவில்பட்டி வழியே திறக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் தென்னிந்தியாவைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சமும் தொடங்கி, 1878 வரை நீடித்தது. கடல் கடந்த இலங்கையிலோ, 1869-இல் தோன்றிய இலைநோய் காப்பித் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் பயிரிட்டு வழிகாட்டியிருந்த தேயிலை, காப்பியின் இடத்தைப் பிடித்தது. காப்பிக்குக் கூலிகள் ஆண்டில் சில மாதங்கள் போதும். தேயிலைக்கோ ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்கும் கைகள் வேண்டும். கங்காணிகளின் முன்பணத்தை வாங்கிக்கொண்டு திருநெல்வேலி, மதுரை, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கடல் கடந்தனர். அவர்களுள் நம் வானம் பார்த்த பூமியின் மக்களும் உண்டு. இலண்டன் மேசையில் வெள்ளிக் கெண்டியிலிருந்து ஊற்றப்பட்ட தேநீருக்கு இலை பறித்தவை, மதியக் கஞ்சிக்கு வழியற்றுப் புறப்பட்ட கைகளாகும்.

அந்தத் தேயிலை பிறகு நம்மிடமே திரும்பி வந்தது. 1903-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்றுமதித் தேயிலைக்குத் தீர்வை விதித்து, அப்பணத்தைக்கொண்டு தேநீர்ப் பழக்கத்தைப் பரப்பினார்கள். காலப்போக்கில் இரயில் நிலையங்களிலும் ஆலைகளிலும் சந்தைகளிலும் அந்தப் பிரசாரம் நடந்தது. கோவில்பட்டியில் நூற்பாலைகளும், பின்னர் தீப்பெட்டித் தொழிலும் பெருகியபோது, முறை மாறி வேலை செய்வோருக்குத் தேநீர்க்கடை இன்றியமையாததாயிற்று. உயர்ந்த இலை கப்பலேறியது. நம் கடைகளுக்குத் தூள் வந்தது. ஆயினும் அந்தக் கடையின் பெஞ்சு, முன்பின் அறியாதவர்களையும் அருகருகே அமர்த்தி ஒரே செய்தித்தாளைப் பங்கிட்டுப் படிக்க வைத்தது.

எல்லோரையும் அமர்த்தியதா என்று கேட்டால், தலைகுனியத்தான் வேண்டும். தென்மாவட்டச் சிற்றூர்கள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனிக்குவளை வைத்தார்கள். சிலவிடங்களில் சிரட்டையில் ஊற்றினார்கள். பெஞ்சில் அமரவும் விடவில்லை. பட்டணத்து உணவு விடுதிகளும் இதற்கு விலக்கல்ல. சாதிப் பெயரைப் பலகையில் எழுதி வைத்த விடுதிகள் இருந்தன. 1957-இல் திருவல்லிக்கேணியில் அத்தகைய பலகை ஒன்றை எதிர்த்துப் பெரியார் மறியல் நடத்த வேண்டியிருந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அதன் பின்னும் இரட்டைக் குவளை பல ஆண்டுகள் மறையவில்லை. மனிதன் பருகும் பானம் ஒன்றே. பாத்திரத்தில்தான் பேதத்தைப் புகுத்தினோம்.

இங்கே காப்பியின் பிறப்பை நினைவுகூர்வது பொருத்தம். கஹ்வா என்னும் அரபுச் சொல்லே துருக்கியர் வாயிலாக ஐரோப்பா சென்று காப்பியாக உருமாறியது. யமன் நாட்டு ஸூஃபிகள் இரவு வணக்கத்தில் உறக்கம் வராதிருக்க அதனைப் பருகினர். ஹிஜ்ரி 996-ஐ ஒட்டி அப்துல் காதிர் அல்ஜஸீரி என்ற அறிஞர் காப்பியைப் பற்றித் தனி நூலே இயற்றினார். கெய்ரோவின் அஸ்ஹரில் யமனியர் தங்கியிருந்த பகுதியில் திக்ரு மஜ்லிஸ் நடந்த முறையை அந்நூல் எடுத்துரைக்கிறது. செம்மண் பாத்திரம் ஒன்றில் காப்பி நிறைந்திருக்கும்; தலைவர் சிறு அகப்பையால் முகந்து வலப்புறமாக வழங்கி வருவார்; அங்கு வந்திருந்த பாமரரும் அதே காப்பியைப் பருகினர். ஹிஜ்ரி 917-இல், அதாவது 1511-இல், மக்காவின் அதிகாரி கைர் பேக் காப்பிக்குத் தடை விதித்தார். அவருடைய கண்ணை உறுத்தியது பானம் மட்டுமன்று. அதைச் சுற்றி மக்கள் கூடியமர்ந்ததும்தான். கெய்ரோவிலிருந்து வந்த ஆணை பிறகு அத்தடையைத் தளர்த்தியது. மக்களைக் கூட்டியதற்காகத் தடை கண்ட பானம், நம் நாட்டில் மக்களைப் பிரிக்கும் கருவியாயிற்று என்பது எத்துணை வேதனை!

நம் மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் இன்றும் சஹன் உண்டு. சஹன் என்றால் அரபு மொழியில் தட்டு. ஒரு தட்டைச் சுற்றிச் சிலர் அமர்ந்து ஒருவர் கையோடு ஒருவர் கை உரச உண்பார்கள். கப்பலுடையவரும் கூலிக்காரரும் ஒரே சஹனில் அமரலாம் என்பதே அதன் அழகு. ஆனால் அண்மைக் காலத்தில் நம் குடும்ப விருந்துகள் சிலவும் நகரத்து ஓட்டல் கூடங்களுக்கு இடம் மாறி வருகின்றன. தலைக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கிடும்போது, அழைப்புப் பட்டியலிலிருந்து முதலில் உதிர்வது ஏழை உறவினர் பெயர்தான். செல்வரை அழைத்து ஏழையரைத் தவிர்க்கும் மணவிருந்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கின்றார்கள். உணவு சமைத்துக் கொணரும் பணியாளரைத் தம்மோடு அமர்த்த வேண்டும், இயலாவிடில் அதிலிருந்து ஓரிரு கவளமேனும் கொடுக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தியிருக்கின்றார்கள்.

பெரிய ஓட்டலில் உண்பது குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. மாணவர் அன்போடு அளித்த அந்த விருந்தை நானும் சுவைத்தே உண்டேன். ஹலாலான பொருளில், வீண்விரயமின்றி, உற்றாரோடு மகிழ்ந்திருப்பது இறைவன் தந்த அருளே. ஆனால் ஒரு மேசையின் உயர்வு அதன்மேல் இருக்கும் பண்டங்களால் அமைவதன்று. அதைச் சுற்றி யாருக்கு இடம் உண்டு என்பதால் அமைவது. கரிசல் காட்டு வேப்பமர நிழலில் கலயம் திறந்தவர், வழிப்போக்கரைக் கண்டால் "கஞ்சி குடித்துவிட்டுப் போங்கள்" என்று அழைக்காமல் இருந்ததில்லை. இருந்தது கூழ்தான், ஆனால் அது விருந்து.

ஊர் திரும்பியபின் மாணவருக்கு ஒரு மடல் எழுதினேன். அவர் தங்கையின் நிக்காஹ் விருந்து அடுத்த மாதம் நடைபெறவிருந்தது. மண்டபத்தில் பந்தி பரிமாறுவோருக்கும் பாத்திரம் துலக்குவோருக்கும் எத்தனை மணிக்கு உணவு என்பதை முதலில் தீர்மானித்துவிட்டுப் பிறகு மற்ற ஏற்பாடுகளைச் செய்யுமாறு அதில் கேட்டிருந்தேன். "முதல் பந்தியிலேயே அவர்களுக்கும் சஹன் வைக்கிறோம், ஹஜ்ரத்" என்று அவரிடமிருந்து விடை வந்தது.